சீனியை நிறுத்தினால் மட்டும் போதுமா? கரையோர அம்பாறையில் நீரிழிவும் சோற்றுத் தட்டும்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தில் இன்று நீரிழிவு நோயாளர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகி வருகின்றது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற முஸ்லிம் ஊர்களாயினும் சரி, பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் போன்ற தமிழ்க் கிராமங்களாயினும் சரி, நிலைமை ஒன்றுதான். 'சீனி வருத்தம்' என்று எமது மக்கள் சாதாரணமாகப் பெயரிட்டு அழைக்கும் இந்நோய் சத்தமின்றி வந்து, கண், சிறுநீரகம், இருதயம், பாதம் என ஒவ்வோர் உறுப்பாகப் பறித்துச் செல்கின்றது.

நோய் இருப்பது கண்டறியப்பட்ட அன்று ஒருவர் வீட்டுக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் இரண்டு பொருட்களையே. ஒன்று மாத்திரைப் பொதி. மற்றையது 'சீனியைக் குறையுங்கள்' என்ற அறிவுரை. மாத்திரையை எப்போது உட்கொள்ள வேண்டும் என்பது பொதியில் எழுதப்பட்டிருக்கும். எதை, எவ்வளவு, எப்போது உண்ண வேண்டும் என்பதோ எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. நோயாளர் நிரம்பி வழியும் கிளினிக்கில் ஒரு வைத்தியர் ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் அமர்ந்து உணவைப் பற்றிப் பேச முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், மாத்திரை செய்யும் வேலையின் கணிசமான பகுதியை உணவு கெடுக்கவும் கூடும், காக்கவும் கூடும் என்பதால் இவ்விடைவெளி சிறிய விடயமன்று.

நாட்டின் நிலைமையை முதலில் நோக்குவோம். 2005 - 2006 காலப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட தேசிய மட்ட ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோர் நீரிழிவுக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரிவித்தது. நகர்ப்புறங்களில் இது 16.4 சதவீதமாகக் காணப்பட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கிற்கும் அதிகமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2018 - 2019 இல் நடைபெற்ற மற்றொரு நாடளாவிய ஆய்வு, வயது வந்தோரில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. இவ்விரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால் வேறுபாடு முழுவதையும் நோயின் பெருக்கமாகக் கொள்ளலாகாது. எனினும், நால்வரில் ஒருவரை நெருங்கும் ஒரு நோயைச் சிலரின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று இனிக் கூற முடியாது.

இங்கு நாம் கவனத்திற் கொள்ள வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. முதலாவது ஆய்வு அன்றைய யுத்தச் சூழ்நிலை காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. ஒன்பது மாகாணங்களில் ஏழு மாகாணங்களின் கணக்கே பல ஆண்டுகளாக நாட்டின் கணக்காக எடுத்தாளப்பட்டது. சுனாமியின் அழிவிலிருந்து கரையோர அம்பாறை எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்த காலமும் அதுவே. கூடாரங்களிலும் தற்காலிகக் குடில்களிலும் வாழ்ந்த மக்களின் குருதியில் எவ்வளவு சீனி இருந்தது என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை. எண்ணப்படாத மக்களின் நோய் திட்டமிடலிலும் இடம்பெறுவதில்லை என்பது எமது பிரதேசம் அனுபவத்தில் கற்ற பாடமாகும்.

நோய் கண்டறியப்பட்ட பின்னர் வரும் முதலாவது ஆண்டு மிக முக்கியமானது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரை உள்ளடக்கிப் பிரித்தானியாவில் 1977 இல் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் வழங்கப்பட்டது உணவுக் கட்டுப்பாடே. 1998 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, குருதியில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய குருதிக் குழாய்களில் ஏற்படும் பாதிப்புகள் 25 சதவீதத்தினால் குறைந்தன. ஆரம்பத்தில் பேணப்பட்ட கட்டுப்பாட்டின் பலன் பல ஆண்டுகளின் பின்னரும் நீடித்தது என்பதும் 2008 இல் தெரியவந்தது. ஆரம்பத்தில் காட்டும் அக்கறை வீண்போவதில்லை. ஆரம்பத்தில் காட்டும் அலட்சியத்தின் விலையும் பின்னரே தெரியவரும்.

அப்படியாயின் நோய் கண்டறியப்பட்டவர் செய்ய வேண்டியது என்ன? அதற்கு முன்னர் நோயின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம், பிட்டு, ரொட்டி, கிழங்கு ஆகிய அனைத்திலும் உள்ள மாச்சத்து குடலில் குளுக்கோசாக மாறிக் குருதியைச் சென்றடைகின்றது. சதையி எனப்படும் கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோசை உடலின் கலங்களுக்குள் செலுத்துகின்றது. இன்சுலின் குறையும்போதோ, அதன் கட்டளைக்கு உடல் செவிசாய்க்க மறுக்கும்போதோ குளுக்கோஸ் குருதியிலேயே தேங்கி நிற்கின்றது. இரவு முழுவதும் உணவின்றி இருந்த பின்னரும் அதன் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காணப்படுமாயின் அது நீரிழிவாகக் கொள்ளப்படும். அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் மீண்டும் ஒருமுறை பரிசோதித்து இது உறுதிசெய்யப்படும். கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் அந்த எல்லையாகும்.

ஆகவே, சீனி வருத்தம் என்ற பெயரே எம்மைச் சற்றுத் தவறாக வழிநடத்தி விடுகின்றது. சீனியை நிறுத்திவிட்டேன் என்று பெருமையுடன் கூறுபவரின் தட்டில் சோறு மலையாகக் குவிந்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஒரு கோப்பை சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து உண்டு. அது முழுவதும் குளுக்கோசாக மாறுவதால், பத்துத் தேக்கரண்டி சீனிக்கு ஒப்பான சுமையை உடல் தாங்க வேண்டியிருக்கின்றது. மதிய உணவில் மூன்று கோப்பை சோறு உண்பவர் தேநீரில் இரண்டு கரண்டி சீனியைத் தவிர்த்ததனால் அடையும் பயன் எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதனை நாம் கூறுவது சோற்றுக்கு எதிராக அல்ல. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் எமது பிரதேசத்தின் உயிர்நாடி. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் விளையும் நெல் எமது விவசாயிகளின் வாழ்வாதாரம் மட்டுமல்ல, விருந்தோம்பலின் அடையாளமுமாகும். வயலில் நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்த மூதாதையரின் உடலுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. கடைக்குச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிள்தான். உழைப்பு குறைந்துவிட்டது, சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

வைத்திய நிபுணர்கள் பரிந்துரைக்கும் தட்டு முறை எமது சமையலறைக்குப் புறம்பானதன்று. தட்டின் அரைப்பங்கை மரக்கறிகளும் இலை வகைகளும் நிரப்ப வேண்டும். காற்பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு அல்லது பயறு. எஞ்சிய காற்பங்கு மட்டுமே சோறு. எமது வழக்கமோ இதற்கு நேர்மாறானது. முக்கால் தட்டுச் சோறும், அதன் ஓரத்தில் ஒரு துண்டு மீனும், ஊறுகாய் அளவுக்கு ஒரு கரண்டி சுண்டலுமே அங்கு காணப்படும். பொருட்கள் அனைத்தும் ஏற்கெனவே எமது வீட்டில் உள்ளன. மாற வேண்டியது விகிதமே.

இதற்கு விலை கூடிய உணவுகள் தேவையில்லை. எமது கடல் தரும் கீரி, சாளை, சூரை போன்ற மீன்கள் எந்த இறக்குமதிப் பொருளுக்கும் குறைந்தவையல்ல. வேலியோரத்து முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், புடலங்காய், பயற்றங்காய், வெண்டி, கத்தரி ஆகியவை குறைந்த செலவில் அரைத் தட்டை நிரப்பக் கூடியவை. தீட்டிய வெள்ளை அரிசியைவிடத் தவிடு நீங்காத சிவப்பரிசியும், பச்சையரிசியைவிடப் புழுங்கலரிசியும் பொதுவாக மெதுவாகச் சீரணமாகின்றன. ஆனால் சிவப்பரிசியாயினும் குரக்கனாயினும் அளவு மீறினால் குருதியில் சீனி ஏறவே செய்யும். குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறான நம்பிக்கையாகும். மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்பதும், உணவின் பின்னர் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நடப்பதும் உணவுக்குப் பிந்திய ஏற்றத்தைத் தணிக்க உதவும்.

அடுத்து, தேநீர். எமது பிரதேசத்தில் வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது அவமரியாதை. கடையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, வயலில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என நாளொன்றுக்கு ஆறு தேநீர் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் அது பன்னிரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 50 கிராம் சீனியாகும். ஒருவரின் நாளாந்தச் சக்தித் தேவையில் சேர்க்கப்படும் சீனி 10 சதவீதத்தை மீறக்கூடாதெனவும், 5 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது மேலும் நன்றெனவும் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வழிகாட்டியது. அந்த உயர்ந்த எல்லையே ஏறத்தாழ 50 கிராம்தான். நோயற்ற ஒருவரின் ஒருநாள் எல்லை முழுவதையும் தேநீர் மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. பால்மாத் தேநீரும் ரின்பால் தேநீரும் இக்கணக்கை மேலும் உயர்த்துகின்றன.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தேன் ஆகியவற்றை உபயோகித்தால் தீங்கில்லை என்ற எண்ணமும் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இவையனைத்தும் உடலில் சீனியாகவே செயற்படுகின்றன. இயற்கையானது என்பதால் குளுக்கோஸ் ஏறாமல் விடுவதில்லை. பழங்களை அளவோடு முழுதாக உண்ணலாம். பிழிந்து சீனி சேர்த்துக் குடிப்பது வேறு. போத்தல் பானங்களைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த வர்ண அடையாளம் எமக்கு உதவும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. கடையில் போத்தலை எடுக்கும் பிள்ளைக்கு இதன் பொருளைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

மறுபுறம், நோய் பற்றிய அச்சத்தினால் உணவையே வெறுத்துப் பட்டினி கிடப்போரும் உள்ளனர். இதுவும் ஆபத்தானது. இன்சுலினையோ, சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சில மாத்திரைகளையோ பாவிப்பவர் உணவைத் தவிர்த்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்று ஆகியவை ஏற்பட்டு அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் சென்றால் உடனடியாக மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோசையோ நீரில் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சீனி நஞ்சு என்று மட்டும் கேள்விப்பட்ட குடும்பத்தினர் அந்நேரத்தில் சீனி கொடுக்கத் தயங்கிய சம்பவங்களும் உண்டு. உணவைக் குறைக்க விரும்புவோர் மருந்தின் அளவையும் வைத்தியருடன் பேசி மாற்றிக்கொள்வது அவசியமாகும்.

அவ்வாறே, பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் குடித்து மாத்திரையை நிறுத்திவிடுமாறு கூறும் ஆலோசனைகள் கைத்தொலைபேசி மூலம் இன்று வீடுவீடாகப் பரவுகின்றன. பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவுகள். அவை மாத்திரைக்கு மாற்றீடு அல்ல. நோயை முற்றாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து விற்கப்படும் தூள்களையும் குளிசைகளையும் நம்பி மருந்தைக் கைவிட்டவர்கள், காலில் ஆறாத புண்ணுடன் வைத்தியசாலைக்குத் திரும்பி வருவது வேதனைக்குரியது.

அதேவேளை, உணவினால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியாது என்று சோர்வடையவும் தேவையில்லை. பிரித்தானியாவில் மேற்கொள்ளப்பட்டு 2017 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் வைத்தியக் கண்காணிப்பின் கீழ் கடுமையான உணவுத் திட்டத்தின் மூலம் எடையைக் குறைத்தனர். ஓராண்டின் முடிவில் அவர்களில் 46 சதவீதமானோர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழ் வந்தனர். 15 கிலோகிராமும் அதற்கு மேலும் எடை குறைத்தோரில் இது 86 சதவீதமாகும். மெலிந்த தேகமுடையோருக்கும், நோய் நீண்டகாலமாக உள்ளோருக்கும் இது அப்படியே பொருந்தாது. எமக்கு அண்மையில், சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்ததன் மூலம் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதத்தினால் குறைந்தது. அவர்கள் உண்டது எம்மைப் போன்றே சோறும் கறியும்தான் என்பதை மறக்கலாகாது.

இனி, நாம் அதிகம் பேசத் தயங்கும் ஒரு விடயத்துக்கு வருவோம். எமது சமூகங்களில் உணவு என்பது தனியொருவரின் விருப்பம் அல்ல. முஸ்லிம் கலியாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்கின்றனர். சகோதரத்துவத்தின் அழகிய அடையாளம் அது. ஆனால் தான் எவ்வளவு உண்டோம் என்பதை அங்கு எவராலும் அளக்க முடியாது. போதும் என்பவரை மற்றவர்கள் விடுவதுமில்லை. அதன் பின்னர் வட்டிலப்பமும் வருகின்றது. தமிழ் வீடுகளில் பொங்கலும் மோதகமும், கண்ணகி அம்மன் ஆலயச் சடங்குக் காலத்து அமுதும் அன்னதானமும் மறுக்க முடியாதவை. இவற்றைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. விருந்தில் மரக்கறியும் சலாதும் சோற்றுக்குச் சமமாக இடம்பெறுவதும், சீனியற்ற தேநீரைக் கேட்பவரைக் கேலி செய்யாதிருப்பதும், ஒருவர் போதும் என்றால் அதை மதிப்பதும் எமது பண்பாட்டுக்கு எவ்விதத்திலும் இழுக்காகாது.

பெண்களின் நிலை மேலும் கவலைக்குரியது. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி தனியாகச் சமைத்துக் கொடுக்கின்றாள். மனைவிக்கு நோய் வந்தால் அவளுக்கெனத் தனியாகச் சமைப்பவர் யார்? அனைவரும் உண்ட பின்னர், நேரம் தவறி, சட்டியில் எஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று உண்பதே பல தாய்மாரின் வழக்கமாக இருக்கின்றது. காலையில் கடற்கரையோரம் நடப்பதற்கு ஆண்களுக்குள்ள வசதி பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நோயாளிக்கெனத் தனிச்சமையல் என்பதை விடுத்து, முழுக் குடும்பமும் ஒரே ஆரோக்கியமான உணவை உண்பதே இதற்குத் தீர்வாகும். நீரிழிவு உள்ளவருக்கு ஏற்ற உணவு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்ற உணவேயாகும். பெற்றோருக்கு நோயிருப்பின் பிள்ளைகளுக்கும் அதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால், அது அவர்களுக்கான முற்காப்புமாகும்.

ரமழான் மாதம் பற்றி விசேடமாகக் குறிப்பிட வேண்டியுள்ளது. 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம் நோயாளரிடையே 2001 இல் மேற்கொள்ளப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரில் 79 சதவீதமானோர் நோன்பு நோற்றமை தெரியவந்தது. அம்மாதத்தில் சீனி அளவு கடுமையாக இறங்கும் சம்பவங்கள் அவர்களிடையே ஏழரை மடங்காக அதிகரித்திருந்தன. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் திருக்குர்ஆனின் சூரத்துல் பகரா அத்தியாயமே வழங்கியுள்ளது. அச்சலுகை பலவீனத்தின் அடையாளம் அன்று. மார்க்கம் காட்டிய இலகு வழி. நோன்பு நோற்க முடியுமா என்பதை ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிந்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திக் குருதியைப் பரிசோதிப்பதால் நோன்பு முறிவதில்லை. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ 300 மில்லிகிராமுக்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே சர்வதேச வழிகாட்டல்.

நோற்கக் கூடியவர்களும் இப்தாரில் கவனமாக இருத்தல் வேண்டும். ஓரிரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் அளவான கஞ்சியும் போதுமானவை. அதற்கு மேல் ரோல்ஸ், சமோசா, சர்பத் என அடுக்கி, பின்னிரவில் மீண்டும் பராட்டாவும் கொத்து ரொட்டியும் உண்டால் பகல் முழுவதும் கட்டுப்படுத்தியது இரவில் கைநழுவிப் போய்விடும். ஸஹர் உணவைத் தவிர்க்காது, இயன்றவரை பிற்படுத்தி உண்பதும் அவசியம். மாலை வேளையில் சீனி இறங்குவதை அது தடுக்கும். இந்துக்களின் விரத காலங்களுக்கும் இவ்வறிவுரை ஓரளவு பொருந்தும். கந்தசஷ்டி போன்ற நீண்ட உபவாசங்களை மேற்கொள்ளும் நோயாளர்களும் முன்கூட்டியே வைத்திய ஆலோசனை பெறுதல் நன்று.

தனிமனிதருக்கு இத்தனை கடமைகளைக் கூறிவிட்டுப் பொறுப்பு வாய்ந்தோரை விட்டுவிடுவது நியாயமாகாது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது உணவுப் பணவீக்கம் செப்டெம்பர் மாதத்தில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. மீனும் முட்டையும் மரக்கறியும் எட்டாத விலைக்குச் சென்றன. வைத்தியசாலைகளில் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியது. ஏழைக் குடும்பமொன்று அப்போது தட்டை எதனால் நிரப்பியது? சோற்றினாலும் கோதுமை மாவினாலும்தான். வறுமையில் வயிற்றை நிரப்புவது மாச்சத்தே. எனவே, நீரிழிவு என்பது வசதி படைத்தோரின் நோய் என்ற பழைய கருத்து இனியும் செல்லுபடியாகாது. நாட்கூலிக்குச் செல்லும் ஒருவர் கால் விரலை இழந்தால் அத்துடன் அக்குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடுகின்றது.

இந்நிலையில் உரிய தரப்பினரிடம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சிலவாகும். முதலாவதாக, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் நீரிழிவு கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே உணவு ஆலோசனை கிடைப்பது உறுதிசெய்யப்பட வேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இதில் கைகோத்துச் செயற்படலாம். ஒருவருக்கொருவர் தனித்தனியாக நேரம் ஒதுக்க முடியாவிடில், பத்துப் பேரை ஒன்றாக அமர்த்தி, குடும்பத்தில் சமைப்பவரையும் உடன் அழைத்து, உண்மையான தட்டையும் உண்மையான சோற்றையும் வைத்துக் காட்டினாலே போதும்.

இரண்டாவதாக, எமது உணவுகளைக் கொண்டே எமது மொழியில் எழுதப்பட்ட ஒரு பக்கக் கையேடு தேவை. ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் பற்றிப் பேசும் அறிவுரை நிந்தவூர் மீனவருக்கும் திருக்கோவில் விவசாயிக்கும் பயன்படாது. எத்தனை இடியப்பம், எத்தனை அகப்பைச் சோறு, எந்தச் சுண்டல், எந்த மீன் என்று அது சொல்ல வேண்டும். மூன்றாவதாக, 2011 முதல் நாடெங்கும் ஆரம்பிக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோர் இலவசமாகத் தம்மைப் பரிசோதித்துக்கொள்ள முடியும் என்பதை மக்கள் அறியச் செய்தல் வேண்டும். வேலைக்குச் செல்லும் ஆண்கள் இந்நிலையங்களை நாடுவது குறைவு என்பதால், ஜும்ஆவின் பின்னர் பள்ளிவாசல் வளாகங்களிலும், திருவிழாக் காலங்களில் ஆலய முன்றல்களிலும் பரிசோதனை முகாம்களை நடத்தலாம்.

நான்காவதாக, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் கிளைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதனைத் தமது பணியாக ஏற்க வேண்டும். வைத்தியர் பத்து முறை சொல்லியும் கேளாதவர், மிம்பரில் ஒருமுறை சொல்லப்பட்டால் கேட்பார். ஐந்தாவதாக, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் சீனிப் பானங்களின் இடத்தை அவித்த கடலையும் பயறும் பழங்களும் பிடிக்க வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் பெண்களும் அச்சமின்றி நடக்கக் கூடிய இடங்களையும் நேரங்களையும் ஏற்பாடு செய்தல் வேண்டும். இவை எவற்றுக்கும் பெருந்தொகை நிதி தேவையில்லை. தேவைப்படுவது ஒருமித்த மனமே.

கல்முனையில் எல்லைகள் பற்றியும் நிருவாகங்கள் பற்றியும் இரு சமூகங்களுக்கிடையே நீண்டகால விவாதங்கள் உள்ளன. அவற்றுக்கான தீர்வுகள் உரிய இடங்களில் காணப்படட்டும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்த ஒரு தகப்பனுக்கும், பார்வை மங்கிய ஒரு தாய்க்கும் இனம் கிடையாது. இரு சமூகத்தினரும் ஒரே வயலின் அரிசியை உண்கின்றோம், ஒரே கடலின் மீனை உண்கின்றோம். ஒரே நோய்க்கே ஆளாகியும் இருக்கின்றோம். இந்த ஒரு விடயத்திலேனும் வேற்றுமை பாராது இணைந்து செயற்படுவது கடினமாகாது.

உலகில் 58 கோடிக்கும் அதிகமான வயது வந்தோர் நீரிழிவுடன் வாழ்வதாகச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2024 ஆம் ஆண்டுக்கெனக் கணித்துள்ளது. அவர்களில் பலர் நோயைக் கட்டுக்குள் வைத்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, நீண்டகாலம் உழைத்து வாழ்கின்றனர். இந்நோய் கண்டறியப்படுவது ஒரு மரண தண்டனை அன்று. வாழ்க்கை முறையைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த ஓர் எச்சரிக்கை. சீனியை நிறுத்துவதுடன் கடமை முடிந்துவிட்டதென்று எண்ணாது, இன்றைய மதிய உணவில் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் இரண்டு கரண்டி சுண்டலை வைப்பதிலிருந்து ஆரம்பிக்குமாறு எமது வாசகர்களை வேண்டிக்கொள்கின்றோம். அந்த அகப்பையைப் பிடித்திருப்பவரும் இதனை வாசிக்க வேண்டும் என்பது எமது மேலதிக வேண்டுகோளாகும்.